தொற்றிவிட்டதோ என்ற பயம்: நடந்ததை எழுதுவது முதல் பரிசோதனையை முடிப்பது வரை

முத்தம் கொடுத்தவர், மசாஜ் சென்டருக்குப் போய் வந்தவர், ஆணுறையோடு உறவு கொண்டவர், சலூனில் கன்னம் வெட்டுப்பட்டவர் என்று பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “எனக்கு எச்ஐவி வந்திருக்குமா?” இவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

ஆலோசனை மேசையில் உட்கார்ந்து பார்த்தவரை, இவர்களுக்குத் தகவல் குறைவில்லை. வரிசைதான் தலைகீழ். முதலில் உடம்பில் அறிகுறி தேடுகிறார்கள். பிறகு கிடைத்த பரிசோதனையை எடுக்கிறார்கள், நம்பாமல் இன்னொன்றும் எடுக்கிறார்கள். உண்மையில் என்ன நடந்தது, அதில் தொற்ற வழி இருந்ததா என்ற கேள்விக்குக் கடைசியில்தான் வருகிறார்கள். அதை முதலில் கேட்டிருந்தால் பலருக்கு ஊசியே தேவைப்பட்டிருக்காது.

தொடங்கும் முன்: ஆணுறை இல்லாத உறவு, உறவின்போது ஆணுறை கிழிந்தது, பாலியல் வன்முறை, இன்னொருவர் பயன்படுத்திய ஊசியையே தானும் போட்டுக்கொண்டது, இவற்றில் ஏதாவது கடந்த 72 மணி நேரத்துக்குள் நடந்திருந்தால், மற்றதை விட்டுவிட்டு நேராக 3-ஆம் படிக்குப் போங்கள். மற்றவர்களுக்கு ஒரு தாள், ஒரு பேனா, சம்பவத் தேதி போதும். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

## 1. நடந்ததை ஒரே ஒரு முறை எழுதுங்கள்

தேதி, நேரம், யார் எந்த உறுப்பால் எதைத் தொட்டார், ஆணுறை இருந்ததா, கண்ணால் ரத்தம் பார்த்தீர்களா. அவ்வளவுதான். ஐந்தாறு வரிக்கு மேல் போகக்கூடாது.

ஒரே முறை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயத்தில் இருக்கும் மனம் ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் சம்பவத்தில் ஒரு புது விவரத்தைச் சேர்க்கும். முதல் நாள் “ஆணுறை சரியாகத்தான் இருந்தது” என்றவர், பத்தாம் நாள் “ஒருவேளை நுனியில் சின்ன ஓட்டை இருந்திருக்குமோ” என்பார். புதிதாக எதுவும் ஞாபகம் வந்திருக்காது. பயம் ஒரு வரி சேர்த்திருக்கும். சம்பவம் நடந்த சூட்டோடு எழுதியதே உங்கள் வாக்குமூலம். பிறகு வரும் “ஒருவேளை”களை அதில் சேர்க்காதீர்கள்.

வெட்கத்தால் வரும் தவறு இன்னொன்று: நடந்ததைக் குறைத்து எழுதுவது. ஆணோடு ஆண் உறவு கொண்டவர்களில் சிலர் ஆசனவாய் உறவை மறைத்து, “கையால் மட்டும்தான்” என்பார்கள். பரிசோதனையும் மருந்தும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவாகும். தாளிலாவது உண்மையை எழுதுங்கள். யாருக்கும் காட்டப் போவதில்லை.

## 2. எச்ஐவிக்கு மூன்று கேள்விகள்

எழுதிய ஒவ்வொரு வரியிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள்.

எந்தத் திரவம்? ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால். எச்ஐவி பரவும் அளவுக்கு இருப்பது இவற்றில்தான். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் வழியாகப் பரவாது.

எங்கே நுழைந்தது? பெண்ணுறுப்பு, ஆசனவாய், ஆணுறுப்பின் துவாரம், முன்தோலின் உட்புறம், வாய் ஆகியவற்றின் மென்மையான உட்படலம், அல்லது ரத்தம் கசியும் புதுக் காயம், அல்லது ஊசி வழியாக நேரடியாக ரத்தத்துக்குள். இதில் வாய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. கை, தொடை, முதுகில் இருக்கும் சாதாரணத் தோல் நல்ல சுவர்.

நேராக வந்ததா, வெளியில் கிடந்து வந்ததா? உடலுக்கு வெளியே வந்த எச்ஐவி, காற்றுப்பட்டுக் காயும்போது தொற்றும் திறனை வேகமாக இழந்துவிடும்.

மூன்றுக்கும் பாதகமான பதில் வந்தால் மட்டுமே எச்ஐவி பற்றிப் பேச விஷயம் இருக்கிறது. ஒன்று உடைந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். அடிக்கடி வரும் சம்பவங்களை இதில் போட்டுப் பார்ப்போம்.

*முத்தம், கட்டிப்பிடித்தல், மார்பில் வாய் வைத்தல்.* எச்சில் பரப்பாது. இருவர் வாயிலும் ஈறிலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தால் ஒழிய முத்தத்தால் எச்ஐவி இல்லை. அப்படி வடிந்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

*மசாஜ் சென்டரில் கையால் செய்தது.* ஆபத்து இல்லை. “அந்தப் பெண் கையில் வேறொருவரின் விந்து இருந்திருந்தால்?” என்ற கேள்வி தவறாமல் வரும். வெளியில் வந்து காற்றுப்பட்டுக் கை வழியாக வருவது மூன்றாம் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது.

*விரலை உள்ளே விட்டது, நகக்கண்ணில் தோல் உரிந்திருந்தது.* உரிந்து காய்ந்த தோல் நுழைவாயில் அல்ல. ரத்தம் சொட்டும் வெட்டுக்காயமாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட விரலை அந்த நேரத்தில் எரிச்சல் தாங்காமல் நீங்களே எடுத்திருப்பீர்கள்.

*துணிக்கு மேல் உரசல்.* இல்லை.

*ஆணுறையோடு உறவு.* கிழியாமல், நழுவாமல், முதலிலிருந்து கடைசிவரை இருந்திருந்தால் அது பாதுகாப்பான உறவு. வீட்டுக்கு வந்து ஆணுறையில் தண்ணீர் ஊற்றிச் சோதித்தவர்கள் உண்டு. தேவையில்லாத வேலை. ஆணுறை கிழிந்தால் பெரும்பாலும் பார்த்தாலே தெரியும்படி கிழியும்.

*வாய்வழி உறவு.* உங்கள் உறுப்பை இன்னொருவர் வாயில் எடுத்திருந்தால் எச்ஐவி ஆபத்து கிட்டத்தட்டப் பூஜ்யம். நீங்கள் ஆணுறுப்பை வாயில் எடுத்து, விந்தும் வாய்க்குள் போயிருந்தால் ஆபத்து மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் அல்ல. இரண்டிலும் மற்ற பால்வினை நோய்களின் கணக்கு வேறு. அது 4-ஆம் படியில்.

*சலூன்.* பாதி பிளேடை மாட்டும் கத்தியில் ஆளுக்கொரு புது பிளேடு போட்டால் பேச்சே இல்லை. போட்டார்களா என்று பார்க்காவிட்டாலும் எச்ஐவிக்காகப் பயப்பட வேண்டாம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி மட்டும் கொஞ்சம் கெட்டியான கிருமி. உலர்ந்த ரத்தத்தில்கூட ஒரு வாரமாவது உயிரோடிருக்கும். அதற்கு மருந்து பயமல்ல, தடுப்பூசி. அடுத்த முறை உட்கார்ந்ததும் “அண்ணே, புது பிளேடு போடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

*திருவிழாவில் பச்சை குத்தியது.* ஒரே ஊசியில் வரிசையாகப் பலருக்குக் குத்தியிருந்தால் இது குறைந்த ஆபத்துப் பட்டியலில் சேராது. எச்ஐவியோடு ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் எடுங்கள்.

*கொசு, கழிப்பறை, நீச்சல் குளம், பானிபூரிக்காரர் விரல் ரத்தம், ரத்தம் ஏற்றிய பழம், தியேட்டர் இருக்கையில் ஊசி.* முதல் மூன்றால் பரவாது. மற்றவை ஆண்டுக்கொரு முறை வாட்ஸ்அப்பில் புது ஊர்ப்பெயரோடு வரும் பழைய கதைகள். சாப்பாட்டில் கலந்த ரத்தத்தால் எச்ஐவி பரவுவதில்லை.

அளவு தெரிந்துகொள்ள ஓர் எண். சிகிச்சை எடுக்காத, எச்ஐவி உள்ள பெண்ணோடு ஆணுறை இல்லாமல் ஒரு முறை உறவு கொள்ளும் ஆணுக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் போடும் கணக்கு 10,000-க்குச் சுமார் 4. பெண்ணுக்கு 8. ஆசனவாயில் ஏற்பவருக்கு 138. ஆணுறை வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரே முறையில் தொற்றியவர்கள் இருக்கிறார்கள். நேரடி உறவுக்கே கணக்கு இப்படி என்றால் முத்தத்தையும் உரசலையும் எங்கே வைப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்குக் குறைந்த ஒருவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்ஐவி பரவுவதே இல்லை.

தாளில் உள்ள எல்லா வரிகளும் இப்படி ஆபத்தில்லை என்று விழுந்துவிட்டால் உங்களுக்கு எச்ஐவி பரிசோதனை தேவையில்லை. 4, 5 படிகளைப் படித்துவிட்டு நேராக 9-க்குப் போகலாம்.

## 3. 72 மணி நேரத்துக்குள் உண்மையான ஆபத்து இருந்தால்

பெப் என்று ஒரு தடுப்பு மருந்து முறை இருக்கிறது. சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. கிருமி உடலில் நிலைகொள்ளும் முன் தடுப்பதுதான் அதன் வேலை. 72 மணி தாண்டிய பிறகு பயன் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவு அல்லது எச்ஐவி மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் கேளுங்கள். அரசு மையங்களில் முதல் உரிமை வேலையின்போது தவறுதலாக ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளர்களுக்கும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும். மற்றவர்களுக்குத் தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கும் நிலை வரலாம். 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அருகில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள், கட்டணமில்லை.

இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தேவைப்பட்டவர் வெட்கப்பட்டு நான்காம் நாள் வருகிறார். தேவைப்படாதவர் முத்தத்துக்கு மருந்து கேட்டு அடம்பிடிக்கிறார், கிடைத்த மாத்திரையால் குமட்டல் வந்ததும் அதையே நோயின் அறிகுறி என்கிறார். அதனால்தான் 2-ஆம் படியை முன்னால் வைத்தேன்.

## 4. எச்ஐவி அல்லாதவற்றுக்கு வேறு கணக்கு

“குறைந்த ஆபத்து” என்பது பெரும்பாலும் எச்ஐவியை மனதில் வைத்துச் சொல்வது. சில நோய்களுக்குத் தோல் உரசலே போதும். இதை மறைத்து ஆறுதல் சொன்னால் நாளைக்கு வேறெங்கோ படித்து இரட்டிப்பாகப் பயப்படுவீர்கள்.

கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ், மரு உண்டாக்கும் எச்பிவி, சின்னப் பருக்கள் போல வரும் மொலஸ்கம், சொறி சிரங்கு, அந்தரங்கப் பேன் ஆகியவை தோலோடு தோல் பட்டால் பரவலாம். சிபிலிஸ் அதன் புண்மேல் நேராகப் பட்டால் பரவும். புண் உதட்டிலோ வாயிலோ இருந்தால் முத்தத்தாலும் பரவலாம், ஆனால் அரிது. வெட்டை நோய் (கொனோரியா) வாய்வழி உறவில் தொண்டைக்கும், தொண்டையிலிருந்து உறுப்புக்கும் வரலாம்.

இவற்றில் பெரும்பாலானவை குணப்படுத்தவோ கட்டுப்படுத்தவோ முடிந்தவை. சிபிலிஸுக்கு இன்றும் பென்சிலின் ஊசிதான், நன்றாக வேலை செய்கிறது. ஹெர்பிஸ் வைரஸின் முதல் வகை, உதட்டில் கொப்புளம் வருமே அது, 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் சுமார் மூன்றில் இருவரிடம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. பலருக்குச் சின்ன வயதில் வீட்டார் கொஞ்சியபோதே வந்திருக்கும்.

ஆகவே உரசல் மட்டும் நடந்தவர் செய்ய வேண்டியது: புண், கொப்புளம், மரு, சீழ், சிறுநீர் கழிக்கும்போது தொடர் எரிச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுவது. வராவிட்டால் ஒன்றும் செய்யாமல் இருப்பது. இரண்டாவதுதான் கடினம்.

## 5. உடம்பைத் தேடுவதை நிறுத்துங்கள்

“சார், நாக்குல வெள்ளை படிஞ்சிருக்கு.” ஒரு வாரத்தில் பலமுறை கேட்கும் வாக்கியம். டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலோர் நாக்கும் வெள்ளைதான். வாய்ப்பூஞ்சை எச்ஐவியில் வருவது எதிர்ப்புச்சக்தி நன்றாகக் குறைந்த பிறகு. சம்பவம் நடந்து பத்தாம் நாள் அல்ல.

எச்ஐவியின் ஆரம்பக் காய்ச்சல், தொண்டைவலி, உடலில் தடிப்பு ஆகியவை பொதுவாக 2 முதல் 4 வாரத்தில் வரும், எல்லோருக்கும் வராது. சாதாரண வைரஸ் காய்ச்சலும் அச்சாக இப்படித்தான் இருக்கும். வந்தால் நோய் என்றோ, வராவிட்டால் தப்பித்தோம் என்றோ முடிவு கட்ட முடியாது. சம்பவத்துக்கு மறுநாளே வந்த காய்ச்சல் நிச்சயம் அதனால் அல்ல.

பயமே உண்டாக்கும் அறிகுறிகள் ஏராளம்: வயிற்றுப்போக்கு, அடிக்கடி சிறுநீர், இரவு வியர்வை, வாய் உலர்தல், தசை துடித்தல். சாப்பிடாமல் தூங்காமல் இருந்தால் எடையும் குறையும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும்.

சோதித்துச் சோதித்தே புண்ணாக்கிக்கொள்வதும் நடக்கிறது. சீழ் வருகிறதா என்று நாளெல்லாம் ஆணுறுப்பைப் பிதுக்கினால் உள்பாதை எரிந்து நீர் கசியும். டெட்டால் ஊற்றிக் கழுவினால் தோல் வெந்து சிவக்கும். கழுத்துக் கட்டியைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த இடம் வலிக்கும். ஆணுறுப்பு மொட்டின் விளிம்பில் வரிசையாக இருக்கும் சின்ன முத்துப் புடைப்புகளும், தோலில் தெரியும் மஞ்சள் வெள்ளைப் புள்ளிகளும் இயல்பான அமைப்பு. இதுவரை நீங்கள் உற்றுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

கண்ணால் பார்க்கும்படி ஏதாவது வந்தால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே சுகவாழ்வு மையம் இருக்கிறது. இல்லாவிட்டால் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர். போட்டோ எடுத்து நண்பருக்கு அனுப்பாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் நீங்களே ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம். நோய் இல்லாவிட்டால் வீண். இருந்தால் அரைகுறையாக அடங்கி, பரிசோதனையையும் குழப்பும்.

லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒரு நாள் “பார்வையிடும்” வைத்தியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால்வினை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பயந்தவரிடம் அவர்கள் முதலில் விற்பது இன்னும் கொஞ்சம் பயத்தைத்தான்.

## 6. எந்தப் பரிசோதனை, எந்தத் தேதியில்

2-ஆம் படியில் விழாத வரி ஏதாவது இருந்தவர்களுக்கு இது. தேதியை இப்போதே காலண்டரில் குறியுங்கள். பயம் ஏறும்போதெல்லாம் ஓடிப்போய் எடுக்கும் பரிசோதனை எதையும் முடித்துவைக்காது. தொற்று நடந்து பரிசோதனையில் தெரியும்வரை உள்ள இடைவெளியை விண்டோ பீரியட் என்கிறார்கள். அதற்குள் எடுத்து “இல்லை” என்று வந்தால் அது முழுப் பதில் ஆகாது.

எச்ஐவிக்கு ஆய்வகத்தில் எடுக்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, கிருமியின் பி24 புரதத்தையும் நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும். கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில், சம்பவத்திலிருந்து 45 நாளில் நம்பலாம். எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் ரேபிட் பரிசோதனை என்றால் 90 நாள். எது எடுக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் கேளுங்கள். இன்னும் தெரியவில்லை என்றால் 90 நாளையே வைத்துக்கொள்ளுங்கள். பெப் எடுத்தவர்களுக்குக் கணக்கு மாறும். மருத்துவர் சொல்லும் தேதிதான்.

சிபிலிஸுக்கு விடிஆர்எல் அல்லது ஆர்பிஆர், கூடவே டிபிஎச்ஏ. இறுதிப் பதில் 90 நாளில். வெட்டை நோய், அல்லது கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய் பற்றிய சந்தேகம் இருந்தால் சிறுநீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் நாட் பரிசோதனை, இரண்டு வாரம் கழித்து. வாய்வழியோ ஆசனவாய் வழியோ உறவு நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும். சிறுநீரில் தொண்டை நோய் தெரியாது. ஹெபடைடிஸ் பி-க்கு எச்பிஎஸ் ஆன்டிஜென், 3 மாதத்தில், அதோடு தடுப்பூசி. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ். போட்டுவிட்டால் சலூன் பயத்துக்கும் ஒரு முடிவு.

எடுக்க வேண்டாதது: அறிகுறியே இல்லாமல் ஹெர்பிஸ் ரத்தப் பரிசோதனை. “முழு எஸ்டிடி (பால்வினை நோய்) பேக்கேஜ்” என்று பல ஆயிரத்துக்கு விற்கும் பட்டியலில் இது தவறாமல் இருக்கும். உதட்டுக் கொப்புள வகைக்கு பாசிட்டிவ் வருவது சகஜம். பிறப்புறுப்பு வகைக்குக் குறைந்த அளவில் வரும் பாசிட்டிவ் பொய்யாக இருக்க வாய்ப்புண்டு. ஒரு பயத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்கி வருவீர்கள்.

இதைவிட மோசமானது, பரிசோதனைக்காக ரத்த தானம் செய்வது. “எப்படியும் டெஸ்ட் பண்ணுவாங்கள்ல” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். விண்டோ பீரியடில் இருக்கும் ரத்தம் சோதனையில் தப்பி ஒரு நோயாளிக்குப் போய்ச் சேரலாம். தேதி முடியும்வரை தானம் வேண்டாம்.

திருமணமானவர்கள் கேட்கும் கேள்வி: அதுவரை மனைவியோடு? ஆபத்து இருந்தது உண்மை என்றால் 45 அல்லது 90 நாள் ஆணுறை. 2-ஆம் படியில் எல்லாம் விழுந்துவிட்டால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. குழந்தையைத் தூக்கவும் ஒரே தட்டில் சாப்பிடவும் இரண்டு வகையினருக்கும் தடையில்லை.

## 7. நம்பிக்கை மையத்தில் என்ன நடக்கும்

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் நம்பிக்கை மையம் என்ற பெயரில் எச்ஐவி பரிசோதனை மையம் இருக்கிறது. சீட்டு, பரிந்துரை எதுவும் வேண்டாம். இலவசம். காலையில் போனால் பெரும்பாலும் அன்றே முடிவு.

பதிவு, பரிசோதனைக்கு முன் ஆலோசனை, சம்மதம், ரத்தம், முடிவோடு மறுபடி ஆலோசனை. இதுதான் வரிசை. 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியில் சொல்லவும் கூடாது.

“ஃப்ரெண்டுக்காகக் கேக்கறேன்” என்று தொடங்காதீர்கள். எதிரில் இருப்பவர் இதைவிடப் பெரிய கதைகளைக் கேட்டவர். 1-ஆம் படியில் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினால் போதும். பேச நா எழாவிட்டால் தாளை நீட்டலாம்.

பரிசோதனைக்குப் போன இடத்திலேயே புதுப் பயம் பிறப்பதும் உண்டு: ஊசி புதுசா என்று பார்க்கவில்லையே! உறை பிரிப்பதை உங்கள் கண்முன் செய்யச் சொல்லலாம். அது உங்கள் உரிமை. வீட்டுக்கு வந்து யோசிக்காமல் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

## 8. ரிப்போர்ட்டைப் படிப்பது

“நான்-ரியாக்டிவ்” என்றால் இல்லை. தனியார் ஆய்வகங்களில் பக்கத்தில் ஒரு எண்ணும் போடுவார்கள்: 0.12, 0.31 என்று. பெரும்பாலான கருவிகளில் எல்லை 1.0, அதற்குக் கீழே இருந்தால் எல்லாம் ஒன்றுதான். போன மாதம் 0.12 இருந்தது இந்த மாதம் 0.31 ஆகிவிட்டது, கிருமி வளர்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். அந்த எண் கருவிக்குக் கருவி, நாளுக்கு நாள் ஆடும். கிருமி அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

“ரியாக்டிவ்” என்று வந்தால் அதுவும் முடிவு அல்ல. மூன்று வெவ்வேறு பரிசோதனைகளில் உறுதியான பிறகுதான் எச்ஐவி உள்ளதாகச் சொல்வார்கள். தனியார் ஆய்வகத்தில் முதல் பரிசோதனை ரியாக்டிவ் ஆனால் அந்தத் தாளோடு நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். உறுதியானால் அன்றிலிருந்தே இலவச ஏஆர்டி சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஒழுங்காக மாத்திரை எடுப்பவர்கள் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ்கிறார்கள்.

விடிஆர்எல் லேசாக ரியாக்டிவ், டிபிஎச்ஏ நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் அது பொய் எச்சரிக்கை. கர்ப்பம், வயது, வேறு நோய்களால் அப்படி வரும். மருத்துவர் பார்த்து முடிவு சொல்வார்.

## 9. முடித்ததை முடித்ததாக வைப்பது

சரியான தேதியில், சரியான பரிசோதனையில் நான்-ரியாக்டிவ் என்றால் அந்தச் சம்பவம் முடிந்தது. “ஆறு மாதம் கழித்து ஒன்று, ஒரு வருடம் கழித்து ஒன்று” என்று நீட்ட மருத்துவக் காரணம் கிடையாது. அரிய விதிவிலக்கு என்று இணையத்தில் படிப்பீர்கள்; பெப் எடுத்தவர், எதிர்ப்புச்சக்தியை அடக்கும் சிகிச்சையில் இருப்பவர் போன்றோருக்கு அவரவர் மருத்துவரே தனித் தேதி சொல்லியிருப்பார்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒவ்வொரு நெகட்டிவும் சில நாள் நிம்மதி தரும், பிறகு “ஆய்வகத்தில் மாற்றி வைத்திருந்தால்?” என்று வரும். நிம்மதிக்காக எடுக்கும் பரிசோதனை, நிம்மதி வேண்டும் என்ற பசியைத்தான் வளர்க்கிறது. இணையத்தில் தேடுவது, 1097-க்கு தினமும் வேறு வேறு பெயரில் போன் செய்வது, நண்பரிடம் “ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று கேட்பது எல்லாம் அதே பசிதான்.

ஒரே நாளில் விட முடியாது. தேடும் நேரத்தை முதலில் மாலை பதினைந்து நிமிடமாகக் குறுக்குங்கள். மற்ற நேரத்தில் எண்ணம் வந்தால் “ஆறு மணிக்குப் பார்க்கலாம்” என்று தள்ளிப்போடுங்கள். எண்ணத்தோடு வாதாட வேண்டாம். வாதாடினால் அது புதுப் புள்ளிகளோடு வரும். கண்ணாடி, டார்ச், எடை இயந்திரம் எதையும் தொடாத நாட்களைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

குற்றவுணர்ச்சி வேறு, தொற்று வேறு. வீட்டுக்குத் தெரியாமல் போனதற்கான உறுத்தல் பலருக்கு நோய் பயமாக வேஷம் போடுகிறது. அப்படியென்றால் எந்த ரத்தப் பரிசோதனையும் அதைத் தீர்க்காது. அதை அதன் பெயரிலேயே ஒரு ஆலோசகரிடம் பேசுங்கள்.

## 10. பயம் போகாவிட்டால் மனநல மருத்துவர்

இரண்டு அளவுகோல். சரியான தேதி தாண்டி நெகட்டிவ் வந்த பிறகும் ஒரு மாதமாக அதே பயம். அல்லது வேலை, தூக்கம், சாப்பாடு, தாம்பத்தியம் ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருப்பது. ஒன்று இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்க வேண்டாம்: 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

இது நோய் குறித்த பதற்றமாகவோ, ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. பேச்சு சிகிச்சையில், பயத்தைத் தூண்டும் விஷயத்தை எதிர்கொண்டு, சோதிக்காமலும் கேட்காமலும் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள்; அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பலனில்லை என்று நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அந்த மாத்திரையின் பக்கவிளைவுகளில் வியர்வையும் குமட்டலும் உண்டு. அவற்றை எச்ஐவி அறிகுறிப் பட்டியலில் சேர்த்துவிடாதபடி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரிந்த நண்பரோ வாழ்க்கைத்துணையோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. “ஒண்ணும் இல்ல, பயப்படாத” என்று நூறாவது முறை சொல்வது உதவாது. “இதுக்கு முன்னாடியே பதில் சொல்லிட்டேன், மறுபடி சொல்ல மாட்டேன். வா, ஒரு நடை போய்ட்டு வரலாம்” என்று சொல்லச் சொல்லுங்கள். இதைச் சண்டை நடக்கும்போது பேசாமல், மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில் இருவரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கைவிட்டுவிட்டார்கள் என்று தோன்றும்.